கொத்துக்குண்டும் வாரா ஐயக்கடனும்

எண்ணூரைத் தாண்டி வடக்கே போனால், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் உப்பங்கழியுமாகக் கிடக்கிறது காட்டுப்பள்ளி. திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி தாலுகா. ஒரு காலத்தில் மீனவர் குப்பம். இன்று ஒரு துறைமுகமும், எல் அண்ட் டி நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளமும் அங்கே இருக்கின்றன.

அந்தத் தளத்தில் கட்டிய 5 அதிவேகக் காவல் படகுகள் வியட்நாமுக்குப் போயின. இந்தியா கொடுத்த 10 கோடி டாலர் கடனில் மொத்தம் 12 படகுகள். மீதி 7 வியட்நாமிலேயே கட்டப்பட்டன. 2022 ஜூன் மாதம் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் நேரில் போய் ஒப்படைத்துவிட்டு வந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் 'சார்லஸ் டிரூ' என்ற சரக்குக் கப்பல் பழுது பார்ப்பதற்காகக் காட்டுப்பள்ளிக்கு வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று பழுது பார்க்க இந்தியாவுக்கு வந்தது அதுதான் முதல் முறை.

இந்தக் கரைக்குப் போர்ச் சரக்கு ஒன்றும் புதிதல்ல. பக்கத்திலேயே பழவேற்காட்டில், 17ஆம் நூற்றாண்டில் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி வெடிமருந்து தயாரித்துக் கீழ்த்திசையில் இருந்த தன் மற்ற தளங்களுக்கு அனுப்பியது. அந்த வெடிமருந்து யார் மேல் வெடித்தது என்று பழவேற்காட்டில் உப்பு விற்றவர் கேட்டிருக்க மாட்டார். கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இருந்திருக்காது.

இன்று நிலைமை வேறு. 2013-14ல் சுமார் 686 கோடி ரூபாயாக இருந்த இந்தியாவின் பாதுகாப்புத் தளவாட ஏற்றுமதி 2024-25ல் 23,622 கோடி ரூபாயைத் தொட்டது. 2029க்குள் 50,000 கோடி என்பது அரசின் இலக்கு. வாங்கியே பழகிய நாடு விற்கும் நாடாக மாறிக்கொண்டிருக்கிறது. அதனால் இதுவரை அமெரிக்காவும் ஐரோப்பாவும் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டிருந்த ஒரு கேள்வி இந்தப் பக்கமும் வந்துவிட்டது.

அயலான் படையெடுத்து வந்துவிட்டான். தாக்கப்பட்ட நாடு உதவி கேட்கிறது. ஆனால் அது கேட்பது உலகில் பாதி நாடுகள் தடை செய்திருக்கும் ஓர் ஆயுதம். கொடுக்கலாமா, கூடாதா?

2023 ஜூலை: நடந்தது என்ன?

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மீது முழுப் படையெடுப்பைத் தொடங்கியது. ஓராண்டு கழிவதற்குள் அது பீரங்கிப் போராகிவிட்டது. உக்ரைன் சுட்ட வேகத்துக்கு 155 மி.மீ. குண்டுகளைத் தயாரித்துக் கொடுக்க அமெரிக்காவாலும் ஐரோப்பாவாலும் முடியவில்லை. அமெரிக்கக் கிடங்குகளிலோ வேறொரு வகைக் குண்டு ஏராளமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதுதான் கொத்துக்குண்டு. ஈழத்துப் பத்திரிகைகள் இதைக் கொத்தணிக் குண்டு என்று எழுதும்.

ஒரு பெரிய குண்டுக்குள் பல சிறுகுண்டுகள் இருக்கும். வானத்தில் அது திறந்துகொள்ள, சிறுகுண்டுகள் ஒரு மைதானம் அளவுக்குச் சிதறி விழும். பதுங்குகுழியில் இருக்கும் படைக்கு எதிராக ஒரு சாதாரணக் குண்டு செய்வதைவிட இது பல மடங்கு அதிகம் செய்யும். சிக்கல் என்னவென்றால், விழுகிற எல்லாச் சிறுகுண்டும் வெடிப்பதில்லை. வெடிக்காதது அப்படியே மண்ணில் கிடக்கும். பார்க்க ஒரு சின்ன இரும்பு டப்பா போல இருக்கும். பத்து வருடம் கழித்து ஏர் ஓட்டுபவர் மேலும், விளையாட்டுப் பொருள் என்று எடுக்கும் குழந்தை கையிலும் வெடிக்கும்.

இதனால்தான் 2008ல் கொத்துக்குண்டுகளைத் தடை செய்யும் உடன்படிக்கை டப்ளினில் உருவாகி, ஆஸ்லோவில் கையெழுத்தாகி, 2010 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்தன. அமெரிக்கா, ரஷ்யா, உக்ரைன், சீனா, பாகிஸ்தான், இந்தியா ஆகியவை சேரவில்லை.

2023 ஜூலை 7 அன்று இந்தக் குண்டுகளை உக்ரைனுக்குக் கொடுப்பதாக அமெரிக்கா அறிவித்தது. இது மிகக் கடினமான முடிவு என்று அதிபர் பைடனே ஒப்புக்கொண்டார். ஒரு சதவீதத்துக்கு மேல் வெடிக்காமல் போகும் கொத்துக்குண்டை வெளிநாட்டுக்குக் கொடுக்க அமெரிக்கச் சட்டமே தடையாக இருந்தது. அதிபருக்கு உள்ள விலக்கு அதிகாரத்தைப் பயன்படுத்தித்தான் அந்தத் தடையைத் தாண்டினார்கள். பிரிட்டன், கனடா, ஸ்பெயின், நியூசிலாந்து போன்ற நட்பு நாடுகளே முகம் சுளித்தன. கம்போடியாவின் அன்றைய பிரதமர் ஹுன் சென், தன் நாடு அரை நூற்றாண்டாகப் படும் பாட்டைச் சொல்லி, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

உக்ரைன் சில உறுதிமொழிகள் கொடுத்தது. ரஷ்ய மண்ணில் இந்தக் குண்டைப் பயன்படுத்த மாட்டோம். மக்கள் வாழும் நகரங்களில் பயன்படுத்த மாட்டோம். எங்கே சுட்டோம் என்று பதிவு வைப்போம். நிலத்தை மீட்டதும் அந்த இடங்களை முதலில் சுத்தம் செய்வோம். கூட்டாளி நாடுகளுக்கு அறிக்கை தருவோம்.

கொடுக்கலாம் என்பவர்களின் நியாயம்

இவர்களின் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது.

முதலாவது, அது உக்ரைனின் மண். அங்கே குண்டு வெடிக்காமல் கிடந்தால் அவதிப்படப்போவது அவர்களின் பிள்ளைகள். அதைத் தெரிந்தே, எல்லாவற்றையும் எடைபோட்டு அவர்கள் கேட்கிறார்கள். பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் பாதுகாப்பாக உட்கார்ந்திருப்பவர், 'உனக்கு நல்லது எதுவென்று உன்னைவிட எனக்குத் தெரியும்' என்று சொல்வது என்ன நியாயம்?

இரண்டாவது, குண்டு இல்லாமல் போவதும் கொல்லும். பீரங்கி ஓய்ந்துபோன இடத்தில் எதிரி முன்னேறுவான். முன்னேறிய இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு 2022ல் புச்சா நகரத் தெருக்களில் கிடந்த உடல்கள் சாட்சி.

மூன்றாவது, ரஷ்யா முதல் நாளிலிருந்தே கொத்துக்குண்டு வீசிக்கொண்டிருந்தது. உக்ரைன் தரப்பும் தன்னிடம் இருந்த பழைய சோவியத் காலக் குண்டுகளைப் பயன்படுத்தியிருந்தது. மண் ஏற்கனவே கெட்டுவிட்டது, எப்படியும் சுத்தம் செய்துதான் ஆகவேண்டும் என்பது இந்த வாதம்.

கூடாது என்பவர்களின் நியாயம்

இவர்கள் முதலில் கையில் எடுப்பது கணக்கைத்தான். தான் கொடுக்கும் குண்டில் வெடிக்காமல் போவது 2.35 சதவீதத்துக்கு மேல் இருக்காது என்றது அமெரிக்கா. கேட்க நன்றாக இருக்கிறது. இந்த வகையில் ஒரு குண்டில் 88 சிறுகுண்டுகள் இருக்கும். 1,000 குண்டு சுட்டால் 88,000 சிறுகுண்டுகள். அதில் 2.35 சதவீதம் என்பது 2,068. இதே வகையின் பழைய குண்டுகளுக்குச் சொல்லப்பட்ட 14 சதவீதம் என்ற கணக்கைப் போட்டால் 12,320. ஒரு பீரங்கிப் போரில் 1,000 குண்டு என்பது பெரிய எண்ணிக்கையே அல்ல.

அடுத்து அவர்கள் காட்டுவது லாவோஸ். 1964 முதல் 1973 வரை அமெரிக்கா அந்தச் சின்ன நாட்டின் மேல் 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டது. சுமார் 27 கோடி சிறுகுண்டுகள் விழுந்தன. அவற்றில் 8 கோடி வரை வெடிக்காமல் தங்கியதாக மதிப்பீடு. போர் முடிந்த பிறகு மட்டும் சுமார் 20,000 பேர் இறந்தோ உறுப்பிழந்தோ போனார்கள். இவர்களில் பலர் போர் நடந்தபோது பிறக்கவே இல்லை.

இந்தக் கடைசி வரியில்தான் எதிர்த்தரப்பின் உண்மையான பலம் இருக்கிறது. உக்ரைன் அரசு சம்மதம் கொடுத்தது, சரி. அந்த அரசு தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு, அதுவும் சரி. ஆனால் 2045ல் ஸாபோரீஷ்யாவில் ஒரு கோதுமை வயலில் காலை வைக்கப்போகும் சிறுமியிடம் யார் சம்மதம் வாங்கினார்கள்?

'சொந்த மண், சொந்த முடிவு' என்பதில் உள்ள ஓட்டையை இந்தியாவே பார்த்திருக்கிறது. 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு, 'ஆபரேஷன் பராக்ரம்' என்ற பெயரில் இந்திய ராணுவம் பாகிஸ்தான் எல்லை நெடுகக் கண்ணிவெடிகளைப் புதைத்தது. பஞ்சாப், ராஜஸ்தான், ஜம்மு பகுதிகளின் விவசாய நிலங்கள் அவை. போர் வரவே இல்லை. 2002 அக்டோபரில் படை திரும்பத் தொடங்கியது. ஆனால் புதைத்த வெடியைத் தோண்டியெடுக்கும்போது வீரர்கள் செத்தார்கள். நிலத்துக்குத் திரும்பிய விவசாயிகள் காலை இழந்தார்கள். முடிவெடுத்தது டில்லி. விலை கொடுத்தது எல்லையோரக் கிராமம். நாடு ஒன்றாகவே இருந்தாலும் முடிவெடுப்பவரும் விலை கொடுப்பவரும் ஒருவரல்ல.

இந்தியா கேட்டபோது

அப்படியானால் கொடுக்கவே கூடாது என்று முடித்துவிடலாமா? அதற்கு முன் 1962ஐ நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த ஆண்டு அக்டோபர் 20 அன்று சீனப் படை லடாக்கிலும் வடகிழக்கிலும் ஒரே நேரத்தில் புகுந்தது. அணிசேராக் கொள்கையின் முகமாக உலகமெங்கும் அறியப்பட்ட நேரு, நவம்பர் 19 அன்று அமெரிக்க அதிபர் கென்னடிக்குக் கடிதம் எழுதினார். 12 போர் விமானப் படைப்பிரிவுகள் வேண்டும், ராடார் வேண்டும், இந்தியர்கள் பயிற்சி பெறும் வரை அவற்றை இயக்க அமெரிக்க ஆட்களும் வேண்டும் என்று கேட்டார். வாழ்நாள் முழுதும் எந்த முகாமிலும் சேர மாட்டேன் என்று சொன்னவர் இதைக் கேட்டார் என்றால், படையெடுப்பு ஒரு நாட்டை எந்த நிலைக்குத் தள்ளும் என்று புரியும். போம்டிலா விழுந்துவிட்டது, அஸ்ஸாம் சமவெளி திறந்து கிடக்கிறது. அந்த நேரத்தில், 'இந்த ஆயுதம் நல்லதா, இதைக் கொடுப்பவன் நல்லவனா' என்று யோசிக்க டில்லியில் யாருக்கும் நேரமில்லை. இரண்டே நாளில், நவம்பர் 21 அன்று, சீனா தானாகவே போர்நிறுத்தம் அறிவித்ததால் அந்தக் கோரிக்கைக்கு வேலையில்லாமல் போனது.

ஆனால் அதற்கு முன்பே துப்பாக்கிகளும் தோட்டாக்களும் அமெரிக்க விமானங்களில் வந்து இறங்கத் தொடங்கியிருந்தன. கூடவே ஒரு நெருக்கடியும் வந்தது. காஷ்மீர் பற்றிப் பாகிஸ்தானுடன் பேசுங்கள் என்று அமெரிக்காவும் பிரிட்டனும் அழுத்தின. ஸ்வரண் சிங்கும் பூட்டோவும் 1962 டிசம்பர் முதல் 1963 மே வரை ஆறு சுற்றுப் பேசினார்கள். ஒன்றும் ஆகவில்லை.

தாக்கப்படும் நாடு கையேந்தும்போது கொடுப்பவர் விதிப்பதுதான் நிபந்தனை. பேரம் பேச இடமே இல்லாத நேரத்தில் வாங்கும் சம்மதத்தை முழுச் சம்மதம் என்று சொல்ல முடியுமா? வணிகச் சட்டத்தில்கூட, நெருக்கடியில் இருப்பவரிடம் தகாத செல்வாக்கைப் பயன்படுத்திப் போட்ட ஒப்பந்தம் செல்லாததாக்கத் தக்கது என்றுதான் படிக்கிறோம். ஆகவே 'அவர்களே கேட்டார்கள்' என்பது கொடுப்பதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். கொடுத்தவரின் பொறுப்பை அது ரத்து செய்யாது.

உறுதிமொழிக் காகிதங்கள்

'பதிவு வைப்போம், ஊருக்குள் சுட மாட்டோம்' என்ற உறுதிமொழிகளை எந்த அளவுக்கு நம்பலாம்? சரித்திரத்தில் இரண்டு உதாரணங்கள் போதும்.

1954ல் அமெரிக்கா பாகிஸ்தானுக்கு ராணுவ உதவி கொடுக்க முடிவு செய்தது. அந்த ஆயுதம் இந்தியாவுக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்டால் உடனே தகுந்த நடவடிக்கை எடுப்பேன் என்று அதிபர் ஐசனோவர் நேருவுக்குக் கடிதம் எழுதினார். பதினோரு ஆண்டு கழித்து, 1965 செப்டம்பரில், பஞ்சாபின் கேம்கரண் பகுதிக்குள் வந்து நின்றவை அதே அமெரிக்க பாட்டன் டாங்கிகள். அசல் உத்தர் சண்டையில் அவை வரிசையாகச் சிக்கி அழிந்ததையும், கைப்பற்றியவற்றை நிறுத்திவைத்த இடத்துக்கு 'பாட்டன் நகர்' என்று பெயர் வந்ததையும் நம் பாடப்புத்தகங்கள் பெருமையோடு சொல்லும். அமெரிக்கா செய்தது என்ன? இரு நாடுகளுக்கும் ஆயுதம் நிறுத்தியது. தாக்கியவருக்கும் தாக்கப்பட்டவருக்கும் ஒரே தண்டனை.

அடுத்தது லெபனான். 1982ல் இஸ்ரேல் அங்கே அமெரிக்கக் கொத்துக்குண்டுகளை மக்கள் வாழும் பகுதிகளில் பயன்படுத்தியது என்று தெரிந்ததும், அதிபர் ரீகன் அரசு அந்தக் குண்டுகளின் விற்பனையை ஆறு ஆண்டு நிறுத்தியது. பிறகு தடை நீங்கியது. 2006ல் அதே தெற்கு லெபனானில் 40 லட்சம் வரை சிறுகுண்டுகள் விழுந்தன. பெரும்பகுதி, போர்நிறுத்தம் வரப்போகிறது என்று தெரிந்த பிறகு, கடைசி 72 மணி நேரத்தில் விழுந்ததாக ஐ.நா. அதிகாரிகள் சொன்னார்கள்.

இந்த இரண்டு நாடுகளின் நிலைமையும் உக்ரைன் போல அல்ல என்பது உண்மை. ஆனாலும் ஒன்று தெளிவாகிறது. உறுதிமொழி மீறப்பட்டால் கொடுத்த நாடு அதிகபட்சம் அடுத்த லோடை நிறுத்தும். ஏற்கனவே மண்ணில் விழுந்ததை அது திரும்ப எடுத்துக்கொள்வதில்லை.

முகமாலை

விழுந்ததைத் திரும்ப எடுப்பது எப்படிப்பட்ட வேலை என்று தெரிந்துகொள்ள உக்ரைன் வரை போக வேண்டாம். பாக் நீரிணையைத் தாண்டினால் போதும். இலங்கையில் நடந்தது உள்நாட்டுப் போர், அயல்நாட்டுப் படையெடுப்பு அல்ல. ஆனால் போருக்குப் பிறகு மண்ணின் கதி ஒன்றுதான்.

கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் வழியில் முகமாலை இருக்கிறது. பல ஆண்டுகள் இரு தரப்புப் படையும் எதிரெதிரே நின்ற முன்னரங்கு. இரு பக்கமும் மிதிவெடிகளைக் கொட்டிய இடம். 2009 மே மாதம் போர் முடிந்தது. அதன் பிறகு பத்து ஆண்டுகளுக்கு மேல், சிவப்பு மண்டையோட்டுப் பலகைகளுக்கு நடுவே, முகக்கவசம் போட்டுக்கொண்டு, சின்னக் கருவிகளால் ஒவ்வொரு அங்குலமாக மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலைக்கு வந்தவர்களில் ஏராளமானோர் பெண்கள், அதிலும் போரில் கணவனை இழந்தவர்கள். வெடியைப் புதைத்தவர்களுக்கும் விற்றவர்களுக்கும் அந்த வெயில் தெரியாது.

கொத்துக்குண்டும் இந்தக் கதையில் வருகிறது. 2012ல் புதுக்குடியிருப்புப் பகுதியில் சிறுகுண்டுகள் கிடைத்ததாக ஐ.நா. கண்ணிவெடி நிபுணர் ஒருவரின் மின்னஞ்சல் மூலம் செய்தி வந்தது. தாங்கள் பயன்படுத்தவே இல்லை என்று இலங்கை அரசு மறுத்தது. பின்னர் 2018ல் அதே இலங்கை கொத்துக்குண்டுத் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது, 2019ல் அதன் மாநாட்டுக்குத் தலைமையும் ஏற்றது. யார் வீசியது, யார் விற்றது என்ற கேள்விக்கு மட்டும் எந்த மாநாட்டிலும் பதில் வரவில்லை.

பேரேட்டில் எந்தப் பக்கம்?

வணிகவியல் படிப்பவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். கடனுக்குச் சரக்கு விற்றால், அந்தக் கடன் முழுதும் வசூலாகும் என்று எழுதிவைக்கக் கூடாது. ஒரு பகுதி வராமல் போகலாம் என்று கணித்து, வாரா ஐயக்கடன் ஒதுக்கு என்று அந்த ஆண்டுக் கணக்கிலேயே எழுத வேண்டும். சுரங்கம் தோண்டும் நிறுவனத்துக்கு இன்னும் கடுமை. குழியைத் தோண்டியவுடன், என்றோ ஒருநாள் அதை மூடி நிலத்தைச் சீர்செய்ய ஆகும் செலவையும் கணக்கிட்டு, அன்றைய தேதியிலேயே பொறுப்பாகக் காட்ட வேண்டும். இந்தியக் கணக்கியல் தரநிலை 37 சொல்வது இதைத்தான். கடந்த கால நிகழ்வால் ஒரு கடமை உண்டாகிவிட்டது, பணம் வெளியே போக வாய்ப்பு அதிகம், தொகையை ஓரளவு கணிக்கவும் முடியும். இந்த மூன்றும் இருந்தால் ஒதுக்கு வைத்தே ஆக வேண்டும்.

கொத்துக்குண்டுக்கு இந்த மூன்றும் அப்படியே பொருந்துகிறது. குண்டைக் கொடுத்தது நடந்த நிகழ்வு. ஒரு பகுதி வெடிக்காது என்பது கொடுத்தவரே அறிவித்த விஷயம், 2.35 சதவீதம் என்று எண்ணே இருக்கிறது. சுத்தம் செய்யும் செலவையும் கணிக்க முடியும். உக்ரைனில் வெடிபொருள் அகற்ற 3,000 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்று உலக வங்கியும் மற்றவர்களும் சேர்ந்து 2024ல் மதிப்பிட்டார்கள். ரஷ்யா புதைத்தது, வீசியது எல்லாம் சேர்ந்த தொகை அது.

ஆனால் கொடுத்த நாட்டின் கணக்கில் இது எங்கே வருகிறது? பொறுப்பாக வருவதில்லை. 'உதவி' என்று வருகிறது. இந்த வித்தியாசம் வெறும் சொல் வித்தியாசம் அல்ல.

லாவோஸையே பார்க்கலாம். 2016 செப்டம்பரில் அதிபர் ஒபாமா அங்கே போனார். மூன்று ஆண்டுகளில் 9 கோடி டாலர் தருவதாக அறிவித்தார். அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் அமெரிக்கா கொடுத்திருந்தது ஏறக்குறைய 10 கோடி டாலர். நல்ல விஷயம்தான். ஆனால் அது தர்மம். தர்மம் செய்பவர் நினைத்தால் நிறுத்தலாம். நிறுத்தவும் செய்தார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் புதிய அரசு வெளிநாட்டு உதவிகளை ஒரே உத்தரவில் நிறுத்திவைத்தபோது, உலகெங்கும் அமெரிக்கப் பணத்தில் நடந்த கண்ணிவெடி அகற்றும் வேலையும் நின்றது. லாவோஸ், வியட்நாம், கம்போடியாவில் பணியாளர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு சில இடங்களில் விலக்கு கொடுத்து வேலை திரும்பத் தொடங்கியது. குண்டைப் போட்டவர்களே அதை அகற்றும் பணத்தை ஒரு கையெழுத்தில் நிறுத்த முடிந்தது என்றால், அந்தப் பணம் தவறான தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். கடன் என்று எழுதியிருந்தால் இப்படி நிறுத்த முடியுமா?

ஆகவே கொடுக்கலாமா, கூடாதா என்ற கேள்விக்கு நியாயமான பதில் இப்படித்தான் இருக்க முடியும். தாக்கப்பட்ட நாடு வேறு வழியே இல்லாத நிலையில் கேட்டால் 'கூடவே கூடாது' என்று சொல்லும் உரிமை, 1962ல் கையேந்திய நாட்டுக்கு இல்லை. ஆனால் கொடுப்பவர் மூன்று விஷயங்களைக் கொடுக்கும் நாளிலேயே செய்ய வேண்டும். ஒன்று, சுத்தம் செய்யும் செலவில் தன் பங்கைக் கணித்து, தன் நாட்டு அரசியல் மாறினாலும் கை வைக்க முடியாதபடி மூன்றாவது ஒருவரிடம் ஒதுக்கிவைக்க வேண்டும். இரண்டு, எங்கே சுட்டார்கள் என்ற பதிவு வாங்கியவரிடம் மட்டும் இல்லாமல் கண்ணிவெடி அகற்றுபவர்களுக்கும் கிடைக்க வேண்டும். மூன்று, சாதாரணக் குண்டு போதுமான அளவு கிடைக்கும் நாளில் இது நிற்க வேண்டும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். தற்காலிக விதிவிலக்கு என்று தொடங்கியது எப்படிப் போனது? 2024 நவம்பரில் மனிதர்களுக்கு எதிரான கண்ணிவெடிகளையும் உக்ரைனுக்குக் கொடுக்க அமெரிக்கா அனுமதித்தது. 2025 மார்ச்சில் லிதுவேனியா கொத்துக்குண்டு உடன்படிக்கையை விட்டு வெளியேறியது. அந்த உடன்படிக்கையிலிருந்து ஒரு நாடு விலகியது அதுவே முதல் முறை. அதே ஆண்டு போலந்து, பின்லாந்து, பால்டிக் நாடுகள் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையிலிருந்து விலகும் முடிவை எடுத்தன. உக்ரைன் அதிபரும் விலகும் ஆணையில் கையெழுத்திட்டார். ரஷ்யாவின் பக்கத்தில் குடியிருப்பவர்களின் பயம் நிஜமான பயம். ஆனாலும் ஒரு விதிவிலக்கின் விலை அது கொடுக்கப்பட்ட நாட்டோடு முடிவதில்லை என்பதும் நிஜம்.

இந்தியாவின் முறை

இதெல்லாம் வல்லரசுகளின் பிரச்சினை என்று இருந்துவிட முடியாது. 2022 செப்டம்பரில் அஜர்பைஜான் ஆர்மீனியாவைத் தாக்கியது. அதே மாதம், ஆர்மீனியா இந்தியாவிடம் பினாகா ராக்கெட் அமைப்பை வாங்குகிறது என்ற செய்தி வெளிவந்தது. அடுத்த ஆண்டு அஜர்பைஜான் இந்தியத் தூதரிடம் தன் அதிருப்தியைச் சொன்னது. பினாகாவின் ஏவு வாகனம் தயாரிக்கும் இந்திய நிறுவனங்களில் எல் அண்ட் டியும் ஒன்று. பினாகாவில் சாதாரண வெடிமுனையும் பொருத்தலாம், சிறுகுண்டுகளைச் சிதறும் வெடிமுனையும் பொருத்தலாம். இரண்டாவது வகையை இந்தியா சோதித்தும் பார்த்திருக்கிறது. வாங்குகிற நாடு நாளை அதையே கேட்டால் என்ன சொல்வது?

2024 செப்டம்பரில் இன்னொரு செய்தி வந்தது. இந்தியாவில் செய்த பீரங்கிக் குண்டுகளை ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் உக்ரைனுக்குத் திருப்பிவிட்டார்கள் என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. அது ஊகம், தவறான செய்தி என்று வெளியுறவு அமைச்சகம் மறுத்தது. ஆயுத வியாபாரத்தில் 'இறுதிப் பயனாளர் சான்றிதழ்' என்று ஒரு காகிதம் உண்டு. இந்தச் சரக்கை நானே பயன்படுத்துவேன், வேறு யாருக்கும் தர மாட்டேன் என்று வாங்குபவர் எழுதிக்கொடுப்பது. ஐசனோவர் எழுதிய கடிதத்துக்கு நேர்ந்ததே இந்தக் காகிதத்துக்கும் நேரலாம்.

அதே மாதத்தில், இஸ்ரேலுக்கு ஆயுத ஏற்றுமதியை நிறுத்தக் கோரிய வழக்கை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வெளியுறவுக் கொள்கை அரசின் வேலை, நீதிமன்றத்தின் வேலை அல்ல என்றது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். அப்படியானால் கேட்க வேண்டிய இடம் நாடாளுமன்றமும் பொதுமக்களும்தான்.

காட்டுப்பள்ளியிலிருந்து படகு போன வியட்நாமில், குவாங் த்ரி என்று ஒரு மாகாணம் இருக்கிறது. அங்கே அமெரிக்கா போட்ட சிறுகுண்டுகளை, போர் முடிந்து ஐம்பது ஆண்டு ஆகியும் தோண்டியெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். காட்டுப்பள்ளியிலிருந்து அந்த நாட்டுக்குப் போனது கடலில் ரோந்து போகும் படகு. அதைப் பற்றி யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. 50,000 கோடி இலக்கை நோக்கி ஓடும்போது அடுத்த ஆர்டர் படகாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. படகு அல்லாத ஒன்றை, தவித்துக் கேட்கும் ஒரு நாட்டுக்குக் கொடுக்க நேர்ந்தால், அதன் ஒப்பந்தத்தில் விலைக்குக் கீழே இன்னொரு வரி இருக்க வேண்டும்: வெடிக்காததை எடுக்கும் செலவு, இவ்வளவு, இன்னார் பொறுப்பு. அந்த வரியை எழுத மனமில்லாத நாடு அந்தச் சரக்கை விற்கக் கூடாது.